மறு: ‘லெவல் ஸ்கேலிங்’ – ‘ஈடுயர்வு’ எனலாமா?

அன்பின் ஐயா, நண்பர்களே, வணக்கம். கணினி விளையாட்டுகளில் ஆடுபவரின் லெவல் (வளர்ச்சியைக் காட்டும் எண்) ஏற ஏற எதிரிகளும் வலுப்பெறுவதை ‘லெவல் ஸ்கேலிங்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் ஐயா எழுதியது:

> ‘லெவல்’ என்பது மட்டம், ‘ஸ்கேலிங்’ என்பது அளவீடு. ‘மட்ட அளவீடு’ என்றே வைத்துவிடலாமே?

ஐயா, இதைப் படித்ததும் எனக்குக் கொத்தனார் கையிலிருக்கும் ரசமட்டம்தான் நினைவுக்கு வந்தது. அக்கா பையனிடம் சொல்லிப் பார்த்தேன். ‘மட்டமான கேமா மாமா?’ என்றான். அளவீடு என்றால் அளந்து பார்ப்பது. இங்கே யாரும் எதையும் அளப்பதில்லை. சொல்லை உடைத்துத் துண்டுக்குத் துண்டு தமிழ் வைப்பதைவிட, அங்கே நடப்பது என்னவென்று பார்த்துப் பெயர் வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

நடப்பது இதுதான். 2006-இல் வந்த ‘ஆப்லிவியன்’ ஆட்டத்தில் சாலையில் பூனைமுக வழிப்பறிக்காரன் ஒருவன் மறித்து 100 பொற்காசு கேட்பான். தொடக்கத்தில் இந்தக் கொள்ளையர்கள் விலங்குத் தோலைப் போர்த்தியிருப்பார்கள். நாம் 20 லெவலைத் தாண்டியபின் அதே சாலையில் மறிப்பவன் பச்சையாய் மின்னும் கண்ணாடிக் கவசத்தில் நிற்பான். கவசத்தின் விலை ஆயிரக்கணக்கில் இருக்கும், கேட்பதோ அதே 100 காசு! நாம் உயர்ந்ததால் அவனும் உயர்ந்துவிட்டான்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த ஆட்டத்தில் நாம் தேர்ந்துகொண்ட முதன்மைத் திறன்கள் மொத்தம் 10 புள்ளி ஏறியபின் தூங்கி எழுந்தால் லெவல் ஏறும். பேரம் பேசுவதும் பேச்சுத்திறனும் முதன்மைத் திறன்களாக இருந்தால், அவற்றை வளர்த்தே ஏறிவிடலாம். வாள்வீச்சு அப்படியே கிடக்கும். எதிரியின் கணக்கோ லெவலை மட்டும் பார்க்கும். இப்படி ஏறியவன் ஏறாதவனைவிட மெலிந்துபோகிறான். லெவலே ஏற்றாமல் ஆடுவது எளிது என்று பலர் கண்டுகொண்டது இதனால்தான்.

இதற்கு நேர் எதிர், 1986-இல் வந்த ‘டிராகன் குவெஸ்ட்’. ஊரை விட்டு வெளியே வந்தால் ‘ஸ்லைம்’ என்ற எளிய பகை. ஒன்றைக் கொன்றால் 1 அனுபவப்புள்ளி. இரண்டாம் லெவலுக்கு 7 புள்ளி வேண்டும். பாலத்தைக் கடந்தால் வலிய பகை காத்திருக்கும். யார் போனாலும், எந்த லெவலில் போனாலும், அந்த இடத்துப் பகை மாறாது. முன்பு உயிரை வாங்கிய ஸ்லைமைப் பிறகு ஒரே அடியில் சாய்க்கும்போதுதான் ‘நான் வளர்ந்திருக்கிறேன்’ என்பது ஆடுபவருக்கு உறைக்கும். இந்த வகைக்கும் ஒரு பெயர் வேண்டும். ‘மாறாக்களம்’ என்று வைக்கலாம்.

இனி முதல் வகைக்கு வருகிறேன். ‘அவன் ஓட்டத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை’ என்கிறோம் அல்லவா, அந்த ‘ஈடு’ இங்கே அப்படியே பொருந்துகிறது. ஆடுபவருக்கு ஈடாக எதிரி உயர்வது ஈடுயர்வு.

நட்டஈடும், நகையை ஈடு வைப்பதும் குறுக்கே வரும் என்பீர்கள். ‘உயர்வு’ ஒட்டியதும் அந்தக் குழப்பம் நீங்கிவிடுகிறது என்பது என் எண்ணம். தங்கை ஒருவர் முன்மடலில் தந்த ‘உடனேற்றம்’ ஓசைக்கு நன்று. ஆனால் ‘பதிவேற்றம்’ பழகிய கண்ணுக்கு அது ‘உடனே ஏற்றுவது’ என்றுதான் படுகிறது. ‘ஈடேற்றம்’ சரிவராது, அதற்கு முன்பே உய்வு, நிறைவேறுதல் என்ற பொருள்கள் உண்டு.

இந்தச் சொல்லிலிருந்து வினையும் கிளைக்கும். எதிரி ஈடுயர்கிறான், வடிவமைப்பாளர் அவனை ஈடுயர்த்துகிறார். கூட்டுச்சொற்களும் தேவைப்படும். 2008-இல் ‘ஃபால்அவுட் 3’ ஓர் இடத்துக்குள் முதன்முறை நுழையும்போதே அதன் லெவலைப் பூட்டிவிட்டது, பிறகு நாம் ஏறி வந்தாலும் அது மாறாது. 2011-இன் ‘ஸ்கைரிம்’ ஆட்டத்தில் சில இடங்களுக்குக் கீழ்வரம்பு உண்டு: நாம் அதற்குக் கீழே இருந்தாலும் பகை இறங்கி வராது. இவற்றை ‘ஈடுயர்வுப் பூட்டு’, ‘ஈடுயர்வு வரம்பு’ எனலாம். ‘விட்சர் 3’ ஆட்டத்தில் ஆடுபவரே இதைத் தேர்ந்துகொள்ளலாம். ஆட்டத்தின் அமைப்புப் பட்டியலில் ‘எதிரி ஈடுயர்வு: உண்டு / இல்லை’ என்று எழுதினால் இடமும் அடங்குகிறது, பொருளும் விளங்குகிறது.

இதற்கு இன்னொரு நண்பர் சொன்ன ‘போலி வளர்ச்சி’ என்ற பெயரை மட்டும் ஏற்க வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன். வளர்ந்தும் வளராதது போலிருக்கிறதே என்ற கோபம் எனக்கும் உண்டு. ஆனாலும் கலைச்சொல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. எல்லாத் திசையும் திறந்திருக்கும் உலகில், ஆடுபவர் எங்கே முதலில் போவார் என்று வடிவமைப்பாளருக்குத் தெரியாது. வரம்போடு வைத்த ஈடுயர்வுதான் அங்கே ஆட்டத்தைக் காப்பாற்றுகிறது.

‘லெவல்’ பற்றி இன்னும் முடிவாகவில்லை. ‘நிலை’ என்றால், ஆட்டத்தில் பாத்திரங்களுக்கு நேரும் நஞ்சேறிய நிலை, உறைந்த நிலை ஆகியவற்றோடு மோதும். எனக்குப் ‘படி’ பிடிக்கிறது: ‘ஏழாம் படி’, ‘படியேற்றம்’. ஐயா, இதில் உங்கள் கருத்தையும் எழுதுங்கள்.

அன்புடன்.