ஆரையம்பதி வளவிலிருந்து எம்101: நடு மட்டும்தான் தெரிகிறது, சுருள் கைகள் வரவில்லை

ஆரையம்பதி_வளவு:
வணக்கம். போன அமாவாசைக் கிழமையில் மூன்று இரவு வீட்டுப் பின்வளவிலிருந்து எம்101 என்ற சுருள் கலக்சியைப் படம் எடுத்தேன். பழைய 18 மெகாபிக்சல் கேனான் கமரா, 200 மிமீ லென்ஸ் எஃப்/4இல், கீழே வானத்தின் சுழற்சியோடு கமராவைத் திருப்புகிற ஒரு சின்ன ட்ரக்கர். 30 செக்கன் படங்கள் 240, அதாவது 2 மணித்தியாலம். டீப்ஸ்கைஸ்டாக்கர் சொப்ட்வெயரில் எல்லாவற்றையும் ஒரே படமாகச் சேர்த்துப் பார்த்தால் செம்மஞ்சள் புகை போல வானம், அதற்குள் ஒரு மங்கல் பொட்டு, அவ்வளவுதான். படத்தின் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் இருட்டு. அந்த வெளிச்சத்தை எடுக்கப் போனால் கலக்சியும் சேர்ந்து போய்விடுகிறது. நட்சத்திரங்களும் முட்டை வடிவில் இழுபட்டிருக்கின்றன. துருவ நட்சத்திரம் தென்னை மரங்களுக்குப் பின்னால், ஒருநாளும் கண்டதில்லை, திசைகாட்டியை வைத்துத்தான் ட்ரக்கரைத் திருப்பினேன். கடையில் கேட்டால் ஒளி மாசுக்கு ஃபில்டர் வாங்கச் சொல்கிறார்கள், விலை கூட. வாங்கலாமா?

கல்முனை_இரவுகள்:
தம்பி, ஃபில்டருக்குக் காசைக் கொடுக்க வேண்டாம். தெருவில் பழைய மஞ்சள் சோடியம் விளக்குகள் இருந்த காலத்தில் அந்த ஒரு நிறத்தை மட்டும் வெட்டினால் வானம் கறுத்தது. இப்போது பெரும்பாலும் எல்இடி, அது எல்லா நிறத்திலும் ஒளியைக் கொட்டுகிறது. கலக்சியின் வெளிச்சமும் கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் வெளிச்சம்தானே, அதுவும் எல்லா நிறத்திலும்தான் வருகிறது. ஒன்றை வெட்டினால் மற்றதும் வெட்டுப்படும்.

உங்கள் பிரச்சினை திசை. எம்101 வடக்கில் நிற்கிற பொருள், எங்கள் ஊரில் அதிகபட்சம் 43 பாகை உயரம்தான் ஏறும். ஆரையம்பதிக்கு வடக்கே என்ன இருக்கிறது? காத்தான்குடி, அதற்கப்பால் கல்லடி, மட்டக்களப்பு டவுன். அவ்வளவு வெளிச்சத்துக்கு மேலாகத்தான் கமராவைப் பிடித்திருக்கிறீர்கள். படத்தின் ஒரு பக்கம் வெளுத்ததும் அதனால்தான். போதாக்குறைக்கு எம்101இன் ஒளி ஏறக்குறைய முழுநிலா அளவு பரப்பில் சிதறிக் கிடக்கிறது, ஒவ்வொரு துண்டும் மிக மங்கல்.

தெற்கே திரும்புங்கள். எம்83 இதே மாதங்களில்தான் வருகிறது, கடலுக்கு மேலே தென்கிழக்கில் உதித்து 52 பாகைக்கு ஏறும். அதுவும் எங்களுக்கு முகம் காட்டி நிற்கிற சுருள் கலக்சி, ஒன்றரைக் கோடி ஒளியாண்டு தூரம், ஆனால் ஒளி சின்னப் பரப்புக்குள் அடங்கியிருப்பதால் கைகள் பல மடங்கு எளிதாக வரும். 1752இல் லக்காய் என்ற பிரெஞ்சு வானியலாளர் நன்னம்பிக்கை முனையிலிருந்துதான் இதைக் கண்டுபிடித்தார். பிறகு மெசியே (எம் எண்கள் இவருடைய பட்டியலில் உள்ளவைதான்) பாரிஸிலிருந்து பார்த்தபோது அது அடிவானத்திலிருந்து சுமார் 12 பாகையில் கிடந்தது. ஐரோப்பாக்காரர் ஏங்குகிற பொருள் எங்கள் வளவுக்கு மேலே நிற்கிறது, அதை விட்டுவிட்டு வடக்கே பார்ப்பது எனக்கு மனம் பொறுக்கவில்லை.

ஒன்று மட்டும், 200 மிமீ லென்ஸில் எம்83 உங்கள் கமராவில் 180 பிக்சல் அகலம்தான் வரும். பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

பொத்துவில்_கரை:
நட்சத்திரம் இழுபடுவதைப் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் அகலாங்கில் துருவ நட்சத்திரம் 7, 8 பாகை உயரத்தில்தான் இருக்கும், மரம் இல்லாவிட்டாலும் கடற்கரைப் புழுதியும் ஈரமும் அதை விழுங்கிவிடும். ஃபோன் திசைகாட்டி ட்ரக்கரின் இரும்புக்குப் பக்கத்தில் பொய் சொல்லும். நகர்வைப் பார்த்துச் சரிசெய்வதுதான் ஒரே வழி.

ட்ரக்கர் சுழல்கிற அச்சு வானத்தின் வடதுருவத்தைப் பார்த்து நிற்க வேண்டும். அதன் சாய்வை முதலில் உங்கள் ஊர் அகலாங்கான 7.7 பாகையில் வையுங்கள், ஃபோன் லெவல் அப் போதும். பிறகு உச்சிக்குச் சற்றுத் தெற்கே, வடக்கு-தெற்கு நடுக்கோட்டில் நிற்கிற ஒரு நட்சத்திரத்தைக் கமராத் திரையின் லைவ் வியூவில் பெரிதாக்கி ஐந்து நிமிடம் பாருங்கள். அது தெற்கே நகர்ந்தால் அச்சு கிழக்கே விலகியிருக்கிறது, வடக்கே நகர்ந்தால் மேற்கே. அது நின்றதும் கிழக்கே கடலுக்கு மேல் தாழ இருக்கிற ஒரு நட்சத்திரத்தைப் பிடியுங்கள். தெற்கே போனால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே போனால் உயர்ந்திருக்கிறது. முதல் நாள் எனக்கு ஒன்றரை மணித்தியாலம் போனது, இப்போது இருபது நிமிடம். கிழக்கே மறைப்பில்லாத கடல் இருப்பது எங்களுக்குப் பெரிய வசதி.

கச்சான் காற்று தொடங்கினால் ஸ்டாண்டின் காலை நீட்டாமல் தாழப் பதித்து, நடுவில் ஒரு மணல் பையைக் கட்டுங்கள். வீட்டுக்குள் வந்ததும் லென்ஸின் முன் கண்ணாடியைப் பாருங்கள், உப்புப் படிந்திருக்கும். உப்புப் படலத்தோடு எடுத்தால் ஒவ்வொரு நட்சத்திரத்தைச் சுற்றியும் புகை நிற்கும்.

கல்முனை_இரவுகள்:
காலை நீட்டாமல் தாழப் பதிப்பது சரிதான், ஆனால் கால்களை ஒன்றோடொன்று நெருக்கி வைத்தால் கவிழும், கவனம்.

வாவிக்கரை:
படத்தைச் சீராக்குவது பற்றி. வெளிச்சத்தை எடுக்கும்போது கலக்சியும் போகிறது என்றால், வானத்தின் வெளிச்சத்தை அளக்கிற பின்னணிப் புள்ளிகளைக் கலக்சிக்கு மிகக் கிட்ட வைத்திருக்கிறீர்கள். கைகளின் மங்கலான விளிம்பையும் சொப்ட்வெயர் வானம் என்று நினைத்துக் கழித்துவிடும். சிரில் என்ற சொப்ட்வெயர் தானாக வைக்கிற புள்ளிகளில் கலக்சியைச் சுற்றியுள்ளவற்றை நீங்களே அழியுங்கள், தாராளமாக இடம் விடுங்கள். இதை ஸ்ட்ரெச் பண்ணுவதற்கு, அதாவது மங்கலானதைத் தெரியும்படி வெளிச்சமாக்குவதற்கு, முன்பே செய்ய வேண்டும். ஸ்ட்ரெச் பண்ணிய பிறகு செய்தால் எதுவும் சரியாக வராது, நான் ஒரு வருடம் தலைகீழாகச் செய்து பல இரவுகளின் உழைப்பை வீணாக்கினேன். சிரில், இதே வேலைக்கான கிராக்ஸ்பெர்ட் இரண்டும் இலவசம்தான்.

லென்ஸின் மூலை இருட்டைப் பதிகிற ஃப்ளாட் படங்கள் எடுத்தீர்களா? வெள்ளை பெனியனை லென்ஸில் இறுக்கிக் கட்டி, விடிகாலை வானத்தைப் பார்த்து 30 படம். ஃபோகஸைத் தொடக்கூடாது. இது இல்லாமல் மூலை இருட்டு எது, காத்தான்குடி வெளிச்சம் எது என்று பிரிக்க முடியாது. லென்ஸை மூடி எடுக்கிற டார்க் படங்களை அதே இரவில் எடுங்கள், எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் சென்சர் நன்றாகச் சூடாகும், வேறொரு நாள் எடுத்தது பொருந்தாது.

நேரமும் முக்கியம்தான், ஆனால் 2 மணித்தியாலத்தை 8 ஆக்கினால் தெளிவு இரண்டு மடங்குதான் கூடும். வானம் ஒரு மாக்னிடியூட் (வானியலில் வெளிச்சத்தின் அளவுப்படி) வெளிச்சமானால் அதே படத்துக்கு இரண்டரை மடங்கு நேரம் தேவை. திசை மாற்றச் சொன்னது அதனால்தான் பெரிய விஷயம்.

ஆரையம்பதி_வளவு:
எல்லாருக்கும் நன்றி. நேற்று எம்83. அச்சைச் சரிசெய்ய இரண்டு மணித்தியாலம் பிடித்தது, ஒன்பதரைக்கு அது தெற்கே நின்றது, முகில் வருமுன் 110 படம்தான் கிடைத்தது. நட்சத்திரங்கள் வட்டமாக இருக்கின்றன. இன்று காலை சிரிலில் போட்டுப் பார்த்தேன், இரண்டு கைகள் தெரிகின்றன, நடுவில் ஒரு குறுக்குப் பட்டையும் இருக்கிறது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஃப்ளாட் இன்னும் எடுக்கவில்லை, நாளை விடிய எடுக்கிறேன்.