பாசாங்கு, பம்மாத்து: உங்கள் ஊர் வழக்கு தேவை

வணக்கம். மாணவர்களுக்கான சொற்பட்டியலில் 'பாசாங்கு' பதிவுக்கு உதவி வேண்டும்.

'போலி' பொருளோடும் ஆளோடும் சேரும்: போலிச் சான்றிதழ், போலி மருத்துவர். பாசாங்கு செயலுக்கு உரியது: தூங்குவதுபோல் பாசாங்கு செய்தான். இரண்டுக்கும் 'பொய்' என்று மட்டும் பொருள் எழுதினால் மாணவர்கள் 'பாசாங்குச் சான்றிதழ்' என்று எழுதிவிடுவார்கள்.

குறளில் வரும் 'படிறு' (91, 271) வஞ்சம் கலந்தது. பாசாங்கில் வஞ்சம் இருந்தே ஆக வேண்டியதில்லை. குழந்தை விளையாட்டாகவும் செய்யும். அதனால் ஒன்றுக்கு மற்றதைப் பொருளாகத் தரவே கூடாது.

சிக்கல் 'பம்மாத்து'தான். உங்கள் பக்கம் அது வெறும் பகட்டா, ஏமாற்றா? காட்டுதல், பண்ணுதல், அடித்தல் ஆகியவற்றில் எந்த வினையோடு வரும்? வீட்டில் பேசும் முழு வாக்கியம் ஒன்றும் மாவட்டப் பெயரும் எழுதுங்கள். அகராதிப் பொருள் வேண்டாம், பேச்சு வழக்கே வேண்டும்.