'நேரடி முதலீடே இல்லை' என்று பல்கலைக்கழகம் சொன்னால்? டைவெஸ்ட்மென்ட் கோரிக்கை பற்றி ஒரு கேள்வி

வைகைக்கரை:

அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக மாணவர்கள் காசா போரை எதிர்த்துப் போட்ட போராட்டக் கூடாரங்களை 2024 ஏப்ரல் 30 அன்று கலைத்தது ஒரு வாக்குறுதியை நம்பித்தான். இஸ்ரேல் தொடர்புள்ள நிறுவனங்களிலிருந்து முதலீட்டை விலக்குவது (டைவெஸ்ட்மென்ட்) பற்றி ஆட்சிக்குழுவான கார்ப்பரேஷன் அக்டோபரில் வாக்கெடுக்கும் என்றார்கள். வாக்கெடுப்பும் நடந்தது. அதற்கு முன் ஆலோசனைக் குழு 8க்கு 2 என்று எதிராகப் பரிந்துரைத்தது, ஒருவர் வாக்களிக்கவில்லை. கார்ப்பரேஷனும் கோரிக்கையை நிராகரித்தது. கோரிக்கையில் இருந்த 10 நிறுவனங்களில் எங்களுக்கு நேரடி முதலீடே இல்லை, மறைமுகமாக இருப்பதும் மிகச் சொற்பம் என்பது அவர்கள் சொன்ன முக்கியக் காரணங்களில் ஒன்று. அதே ஆண்டு மே மாதம் அயர்லாந்தின் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் ஐந்தே நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது.

'நேரடி முதலீடு இல்லை' என்பது உண்மையா, மழுப்பலா? நிதி எங்கே போடப்பட்டிருக்கிறது என்று வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? நிறுவனப் பட்டியலை எந்த அளவுகோலில் போட்டால் குழுவின் முன் நிற்கும்? போரில் யார் பக்கம் நியாயம் என்பதற்கு இங்கே வேறு இழைகள் இருக்கின்றன. இதில் நடைமுறை மட்டும் பேசுவோம்.

பேரேடு:

பெரும்பாலும் உண்மைதான். மழுப்பலாகவும் பயன்படுகிறது.

அமெரிக்கப் பெரிய பல்கலைக்கழகங்களின் எண்டோமென்ட்டில், அதாவது நன்கொடைகளால் சேர்ந்த நிரந்தர முதலீட்டு நிதியில், பல்கலைக்கழகமே தன் பெயரில் வைத்திருக்கும் பங்குகள் குறைவு. அவற்றை நினைத்த நாளில் விற்கலாம். அடுத்தது, வெளி மேலாளர் ஒருவர் இந்த ஒரு பல்கலைக்கழகத்துக்காக மட்டும் நடத்தும் தனிக் கணக்கு. இன்ன நிறுவனம் வேண்டாம் என்று முதலீட்டு வழிகாட்டுதலில் ஒரு வரி சேர்த்தால் போதும். சிக்கல் கூட்டு ஃபண்டுகளில். அங்கே பல முதலீட்டாளர்களின் பணம் ஒரே பானையில் இருப்பதால் ஒரு நிறுவனத்தை மட்டும் உருவ முடியாது, ஃபண்டை விட்டே வெளியேற வேண்டும். ஹெட்ஜ் ஃபண்ட் (பெரிய முதலீட்டாளர்களுக்கான தனியார் ஃபண்ட்) என்றால் வெளியேற முன்னறிவிப்புக் காலம் உண்டு. பிரைவேட் ஈக்விட்டியில் (சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனங்களில் போடும் ஃபண்ட்) பணம் பத்தாண்டு வரை பூட்டிக் கிடக்கும், நடுவில் விற்றால் தள்ளுபடி விலைக்குத்தான் போகும்.

அதனால் "உடனே எல்லாவற்றையும் விற்றுவிடு" என்று எழுதப்பட்ட கோரிக்கை விழுந்துவிடுகிறது. நேரடிப் பங்கும் தனிக் கணக்கும் இத்தனை மாதத்துக்குள், கூட்டு ஃபண்ட் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போது விலக்கு விதியோடு, புதிய முதலீடு எதுவும் இன்று முதல் இல்லை என்று மூன்றாகப் பிரித்து எழுதினால் 'முடியாது' என்ற பதிலுக்கு இடம் குறையும்.

கோரிக்கையின் வீச்சு எப்படி வீங்கும் என்பதற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 2024 மே மாதம் அதன் தலைமை முதலீட்டு அதிகாரி, மாணவர்கள் கேட்பதைச் செய்தால் 175 பில்லியன் டாலரில் 32 பில்லியன் பாதிக்கப்படும் என்று ஆட்சிக்குழுவிடம் சொன்னார். அதில் ஆயுத நிறுவனத் தொடர்புள்ளது 3.3 பில்லியன்தான். 12 பில்லியன் அமெரிக்க அரசுக் கடன் பத்திரம். பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனத்தில் 8.6 பில்லியன். கோரிக்கையின் எல்லை தெளிவாக இல்லையென்றால் அந்த எல்லையை எதிர்த்தரப்பு வரைந்துகொள்ளும், அதுவும் ஆகப் பெரிதாக. மிச்சிகன் எதிர்த்திசையில் போனது: இஸ்ரேலிய நிறுவனங்களில் நேரடி முதலீடே இல்லை, ஃபண்டுகள் வழியாக இருப்பதும் எண்டோமென்ட்டில் 0.1 சதவீதத்துக்கும் கீழே என்றது. ஓரிடத்தில் 'மிகப் பெரிது, முடியாது', இன்னோரிடத்தில் 'மிகச் சிறிது, தேவையில்லை'. இரண்டுக்கும் பதில் வைத்துக்கொண்டுதான் குழு முன் உட்கார வேண்டும்.

தகவல் எடுப்பது பற்றி. அமெரிக்காவில் 10 கோடி டாலருக்கு மேல் பங்குகளை நிர்வகிப்பவர்கள் காலாண்டு முடிந்த 45 நாளுக்குள் பங்குச்சந்தை ஆணையத்திடம் 13எஃப் படிவம் தர வேண்டும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் வெளி மேலாளர் வாங்கியது அந்த மேலாளரின் படிவத்தில்தான் வரும், பல்கலைக்கழகத்தின் படிவத்தில் வராது. 13எஃப்பில் பெயர் இல்லை என்பதால் முதலீடு இல்லை என்று அறிக்கை விட்டுவிடாதீர்கள். தனியார் பல்கலைக்கழகங்கள் வருமான வரித்துறைக்குத் தரும் 990 படிவத்தில் மொத்தத் தொகைதான் கிடைக்கும், நிறுவனப் பெயர் கிடைக்காது.

பிரிட்டனில் வேலை எளிது. தகவல் சுதந்திரச் சட்டத்தின்படி 20 வேலை நாளில் பதில் தர வேண்டும். நம்மூர் ஆர்டிஐ மாதிரியே கேள்வியை எழுதும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "இஸ்ரேலில் முதலீடு உண்டா?" என்று கேட்டால் "இல்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். "ஜூலை 31 நிலவரப்படி எல்லா முதலீடுகளின் பெயர், ஐஎஸ்ஐஎன் எண், மதிப்பு ஆகியவற்றை எக்செல் கோப்பாகத் தரவும்" என்று கேளுங்கள். ஐஎஸ்ஐஎன் என்பது ஒவ்வொரு பங்குக்கும் பத்திரத்துக்கும் உள்ள தனி அடையாள எண். பெரும்பாலான பல்கலைக்கழகங்களுக்கு நிதியாண்டு முடிவது அன்றுதான் என்பதால் பட்டியல் ஏற்கெனவே தயாராக இருக்கும். தேடி எடுக்க 18 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றால் மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. பத்தாண்டுக் கணக்கைக் கேட்பவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். வணிக நலன் என்ற விலக்கைக் காட்டினால் முதலில் உள் மறுஆய்வு கேட்க வேண்டும், பிறகு தகவல் ஆணையர். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜில் ஒவ்வொரு கல்லூரியும் தனி அமைப்பு, தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும்.

கரிசல்:

பட்டியல் பற்றி நான்.

டப்ளின் டிரினிட்டி எல்லா இஸ்ரேலிய நிறுவனங்களையும் விலக்குவதாக 2024 மே மாதம் ஒப்புக்கொள்ளவில்லை. ஆக்கிரமிக்கப்பட்ட பாலஸ்தீனப் பகுதியில் இயங்கி, அதற்காக ஐநா பட்டியலிலும் இருப்பவற்றை விலக்குவதாகத்தான் உறுதி சொன்னது. பட்டியலைத் தானே தயாரிக்கும் வம்பில் கல்லூரி இறங்கவில்லை. இறங்கி வர வேறு காரணமும் இருந்தது. மாணவர்களின் முகாம், கெல்ஸ் நூல் என்ற புகழ்பெற்ற பழைய கையெழுத்துச் சுவடியின் கண்காட்சிக்குப் போகும் வழியை அடைத்துவிட்டது, சுற்றுலா வருமானம் நின்றது. அதற்குச் சற்று முன்புதான் முந்தைய போராட்டங்களால் வந்த இழப்புக்கு என்று மாணவர் சங்கத்துக்கு 2,14,285 யூரோ பில் அனுப்பியிருந்தார்கள். இஸ்ரேலிய அமைப்புகளோடு உறவை முழுதாக விலக்கும் முடிவு 2025 ஜூனில்தான் வந்தது.

ஐநா பட்டியலை எடுப்பவர்கள் அதன் வரம்பை முதலில் படிக்க வேண்டும். அது குடியேற்றங்களோடு தொடர்புள்ள நடவடிக்கைகளுக்கானது. ஆயுதம் விற்பதற்காக மட்டும் ஒரு நிறுவனம் அதில் வராது. எண்ணிக்கையும் மாறுகிறது: 2020இல் 112, 2023இல் 97, 2025 செப்டம்பரில் 158. ஆகவே 'அவ்வப்போது புதுப்பிக்கப்படும் பட்டியல்' என்று எழுதாவிட்டால் ஒப்பந்தம் பழைய பட்டியலோடு உறைந்துபோகும்.

இன்னொரு வழி சான் ஃபிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகம் 2024இல் எடுத்தது. வருமானத்தில் 5 சதவீதமோ அதற்கு மேலோ ஆயுதத்திலிருந்து வரும் நிறுவனம் வேண்டாம் என்ற பொது விதி. எந்த நாட்டின் பெயரும் இல்லை. லாக்ஹீட் மார்ட்டின், லியோனார்டோ, பலான்டிர், கேட்டர்பில்லர் பங்குகள் வெளியேறின. 30க்கும் மேற்பட்ட அமெரிக்க மாநிலங்களில் இஸ்ரேல் புறக்கணிப்புக்கு எதிரான சட்டங்கள் இருக்கின்றன. பொது விதி அவற்றில் சிக்கும் வாய்ப்புக் குறைவு, ஒரு நாட்டை மட்டும் குறிவைக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டும் எடுபடாது. பாலஸ்தீனம் என்ற சொல்லே இல்லாத வெற்றி என்ன வெற்றி என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியில் நியாயம் தெரிகிறது, ஆனாலும் விதிதான் நீடிக்கும் என்பேன்.

வெற்றி அறிவிப்பில் அவசரம் கூடாது. 2009இல் அமெரிக்காவின் ஹாம்ப்ஷயர் கல்லூரி, ஸ்டேட் ஸ்ட்ரீட் என்ற நிதி நிறுவனத்தின் ஒரு ஃபண்டிலிருந்து வெளியேறியது. இஸ்ரேல் ஆக்கிரமிப்பை எதிர்த்து டைவெஸ்ட் செய்த முதல் அமெரிக்கக் கல்லூரி என்று மாணவர்கள் அறிவித்தார்கள், நிர்வாகம் காரணம் அது அல்ல என்று மறுத்துவிட்டது. காரணத்தைத் தீர்மானத்தின் உள்ளேயே எழுதி வாங்க வேண்டும். மாணவர் வாக்கெடுப்பையும் முடிவு என்று எண்ணிவிடக் கூடாது. கொலம்பியா கல்லூரியில் 2020இல் 61 சதவீதம் ஆதரவாக வாக்களித்தும் பல்கலைக்கழகத் தலைவர் ஏற்கவில்லை.

மறுகரை:

இத்தனை நுணுக்கத்துக்கும் முன்னால் ஒரு கேள்வி. விற்றால் யாருக்கு என்ன நட்டம்? நிறவெறி ஆட்சியை எதிர்த்து நடந்த தென்னாப்பிரிக்கப் புறக்கணிப்பு பற்றி 1999இல் வந்த பொருளாதார ஆய்வில், பங்கு விலக்கலால் விலையில் குறிப்பிடத்தக்க பாதிப்பே தெரியவில்லை. ஒருவர் விற்றால் இன்னொருவர் வாங்குகிறார். ஆனால் பல்கலைக்கழகம் கொடுக்கும் விலை உண்மையானது. வாக்கெடுப்பு நடத்துவதையே எதிர்த்து பிரவுனின் அறங்காவலர் ஒருவர் விலகினார். நிதியைப் பொறுப்போடு நடத்தும் சட்டக் கடமையும் அறங்காவலர்களுக்கு உண்டு. யூத மாணவர்களில் பலர் இந்த இயக்கங்களின் முழக்கங்களைத் தங்களுக்கு எதிரானதாகவே கேட்டார்கள். அதையும் குழு கணக்கில் எடுக்கத்தான் செய்யும்.

பேரேடு:

மறுகரை, விலை பற்றிய வாதம் சரி, ஏற்கிறேன். தென்னாப்பிரிக்காவை உலுக்கியது 1985இல் சேஸ் மன்ஹாட்டன் வங்கி கடனைப் புதுப்பிக்க மறுத்தது, பங்கு விற்பனை அல்ல. ஆனால் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 3.1 பில்லியன் டாலரை விலக்க முடிவெடுத்தது 1986 ஜூலையில், அமெரிக்க நாடாளுமன்றம் தென்னாப்பிரிக்கா மீது பொருளாதாரத் தடைச் சட்டம் கொண்டுவந்தது அதே ஆண்டு அக்டோபரில். ஒன்றால்தான் மற்றது வந்தது என்று சொல்லவில்லை. வளாகத்தில் நடப்பதை அரசியல் அழுத்தமாக அளக்க வேண்டும், பங்கு விலையால் அளந்தால் பூஜ்யம்தான் வரும். கோரிக்கையிலும் 'பொருளாதாரத் தாக்கம்' என்று எழுதாதீர்கள், அதை முறியடிப்பது மிகச் சுலபம்.

வடக்குவாசல்:

யாரும் சொல்லாத ஒன்று. அமெரிக்காவில் எஃப்-1 மாணவர் விசாவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குக் கைதைவிட இடைநீக்கம் ஆபத்தாகலாம். வழக்குப் பின்னால் தள்ளுபடி ஆகலாம். ஆனால் இடைநீக்கத்தால் முழுநேரப் பதிவு போனால் செவிஸ் என்ற அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவேட்டில் தகுதி போய்விடும். 2025 மார்ச்சில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக வெளிநாட்டு மாணவி ஒருவர் குடியேற்ற அதிகாரிகளால் பிடிக்கப்பட்டதற்குப் பின்னணியில் இருந்தது, மாணவர் நாளிதழில் வேறு சிலரோடு சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரை. ஆகவே கூடாரத்துக்குப் போகவில்லை என்பதே பாதுகாப்பு ஆகாது. 13எஃப் படிப்பது, ஐஎஸ்ஐஎன் எண்களைப் பட்டியலோடு ஒப்பிடுவது போன்ற வேலைகளுக்குப் பெயரும் முகமும் வெளியே வரத் தேவையில்லை. நிர்வாகத்தோடு பேசும் மேசையில் குடியுரிமை உள்ளவர்கள் உட்காரட்டும். குடியேற்ற வழக்கறிஞரின் எண்ணை முதல் கூட்டத்துக்கு முன்பே வாங்கி வையுங்கள்.

வைகைக்கரை:

நன்றி. பேரேடு, ஒரு சந்தேகம். இண்டெக்ஸ் ஃபண்ட் என்றால் என்ன செய்வது?

பேரேடு:

அதில் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது சந்தைக் குறியீடு (சென்செக்ஸ் மாதிரி ஒரு நிறுவனப் பட்டியல்), மேலாளர் அல்ல. அதனால் மேலாளருக்குக் கடிதம் எழுதிப் பயனில்லை. ஆயுத நிறுவனங்களை விலக்கிய குறியீட்டைப் பின்தொடரும் ஃபண்டுக்கு மாறச் சொல்லுங்கள். கட்டணம் கொஞ்சம் கூடலாம். இரண்டின் ஆண்டுக் கட்டணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, நம் தொகைக்கு வருடத்துக்கு எத்தனை டாலர் வித்தியாசம் என்று கணக்கிட்டுக் கோரிக்கையோடு இணையுங்கள். புதிய ஃபண்டின் உள்ளடக்கப் பட்டியலையும் திறந்து பாருங்கள். சிலவற்றில் கொத்துக்குண்டு, கண்ணிவெடி தயாரிப்பவர்களை மட்டும் நீக்கியிருப்பார்கள், மற்ற ஆயுத நிறுவனங்கள் அப்படியே இருக்கும்.