கொடைக்கானல் பாதரச மண்ணு: 20 மில்லிகிராம் போதுமா?

பெரியகுளத்தான்:
ஸ்கிராப் கடையில பாதரசம் ஒட்டுன கண்ணாடித் துண்டு கெடந்தது வெளிய வந்தப்புறம்தான் 2001ல யூனிலீவரோட தெர்மாமீட்டர் ஃபேக்டரிய மூடுனாங்க, 2003ல 290 டன் கழிவ அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பியாச்சு, பாதரசம் கலந்த மண்ணு மட்டும் அங்கயே. அத சுத்தம் பண்ண வச்ச இலக்கு கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம். பிரிட்டன்ல வீட்டு மனைக்கு 2009ல சொன்ன அளவு 1. யூனிலீவருக்கு லண்டன்ல ஒரு அளவு, மலையில ஒரு அளவா?

மண்வெட்டி:
ப்ரோ அந்த 1 உலோகப் பாதரசத்துக்கு மட்டும். அதே பட்டியல்ல கனிமப் பாதரசத்துக்கு (உப்பா மாறுன பாதரசம்) 170 போட்டிருக்கான். எந்த வடிவத்துல இருக்குன்னு சொல்லாம வெறும் நம்பர தூக்கிட்டு வந்தா எப்படி? கனடாவுல ஆலை நிலத்துக்கு 50 வரைக்கும் விடுறாங்க. 20ங்கிறது நாக்பூர் நீரி (தேசிய சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம்) பரிந்துரைச்சது, கம்பெனி தானா வச்சுக்கல.

பெரியகுளத்தான்:
தெர்மாமீட்டர்ல ஊத்துனது உலோகப் பாதரசம் தானே! கனடாவையே எடுங்க, வீட்டு நிலத்துக்கு 6.6, நம்ம 20 அதுக்கு மூணு மடங்கு.

சோலைக்காரி:
ரெண்டு பேரும் ஃபேக்டரி பக்கத்து மலைச் சரிவ மறந்துட்டீங்க. இலக்க கொறைக்க கொறைக்க தோண்டுற பரப்பு கூடும், மரம் விழும். பாம்பார் சோலைங்கிற மலைக்காட்டு ஓரம் அது, வேர் போன சரிவுல ஒரு பெருமழை அடிச்சா நீங்க பயப்படுற அதே மண்ணு ஓடையில எறங்கிரும். எனக்கு 20 புடிச்சிருக்குன்னு அர்த்தம் இல்ல, ஆனா மரத்த வெட்டி 1க்கு கொண்டு வர்றத என்னால ஏத்துக்க முடியல.

மண்வெட்டி:
அதேதான். வேலை எப்படி நடக்குதுன்னும் பாருங்க. தோண்டுன மண்ண தண்ணில அலசி சல்லடை போடுவாங்க, பாதரசம் பெரும்பாலும் பொடி மண்ணுலதான் ஒட்டிக்கும், சரளை சுத்தமாகி அதே எடத்துக்கு திரும்பிரும். பொடிய மட்டும் மூடுன உலையில சூடு பண்ணி ஆவிய குளுரவச்சு பாதரசத்த தனியா எடுப்பாங்க. மலை மண்ணுல பொடி ஜாஸ்தி, இலக்கு இறங்குனா உலைக்கு போற மண்ணு எகிறிரும்.

பெரியகுளத்தான்:
செலவு கூடுதுன்னா கூடட்டும். அந்த ஃபேக்டரியில வேலை பாத்த 591 பேருக்கு 2016லதான் ஒப்பந்தமே ஆச்சு, அவ்ளோ வருஷம் இழுத்தடிச்சாங்க. பாம்பார் கும்பக்கரை வழியா எங்க பக்கம்தான் வருது. காத்து இல்லாத சேத்துல கெடக்கிற பாக்டீரியா பாதரசத்த மெத்தில் பாதரசங்கிற கொடிய விஷமா மாத்தி மீனுல ஏத்திரும், ஃபேக்டரி கேட்டுக்குள்ள 20 இருக்கா 19 இருக்கான்னு அளந்து என்ன புண்ணியம்?

சோலைக்காரி:
அப்ப ஓடை வண்டலையும் மீனையும் வருஷா வருஷம் டெஸ்ட் பண்ணி ரிசல்ட்ட பொதுவுல போடணும்னு கேளுங்க அண்ணே, அதுக்கு நானும் கையெழுத்து போடுறேன். மரம் இல்லாத எடத்துல எவ்ளோ வேணும்னாலும் தோண்டட்டும், சோலை ஓரம் மட்டும் கை வைக்க வேணாம்.

பெரியகுளத்தான்:
டெஸ்ட்டுக்கு சரிம்மா. ஆனா சோலை ஓரத்துலதான் கழிவக் கொட்டுனாங்க, அத விட்டுட்டு மீதிய சுத்தம் பண்றதுல எனக்கு உடன்பாடு இல்ல.