துருவப் பகுதிகளை ஏழாம் வகுப்புக்கு எவ்வாறு கற்பிப்பது?

கேள்வி – அறிவியல் ஆசிரியை:
வணக்கம். என் வகுப்பில் 42 மாணவர்கள். புரொஜெக்டர் ஒன்று, பாடவேளைகள் மூன்று. சென்ற ஆண்டு துருவப் பகுதிகளைப் பற்றிய காணொளி ஒன்றைக் காட்டினேன். அமைதியாகப் பார்த்தார்கள், ஆனால் தேர்வில் பலர் பனிக்கரடி பென்குயினை வேட்டையாடும் என்று எழுதியிருந்தார்கள். பனி என்றாலே மார்கழி விடியலை நினைக்கும் பிள்ளைகள், தம் கையால் செய்து பார்த்து உணரும்படி இப்பாடத்தை அமைக்க வழி உண்டா?

மறுமொழி 1:
காணொளியைக் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள், அம்மா. இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் தண்ணீர் ஊற்றி, ஒன்றில் ஐஸ் கட்டிகளை மிதக்கவிட்டு, மற்றொன்றில் நீருக்கு மேலே தலைநீட்டும் கல்லின்மீது அவற்றை வையுங்கள். நீர்மட்டத்தைக் கோடிட்டுக் குறித்து, எதில் நீர் உயரும் என்பதை ஒவ்வொருவரும் முன்கூட்டியே எழுதித் தரட்டும். அந்தத் தாள்தான் பாடத்தின் உயிர். ஒரு மாணவர் கைப்பேசியில் நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்து, பிறகு அவற்றை வேகமாக ஓட்டிக் காட்டலாம். கல் உள்ள தம்ளரில்தான் நீர் கோட்டைத் தாண்டும். வடதுருவத்தில் இருப்பது கடல்மேல் மிதக்கும் பனி என்பதையும், அண்டார்க்டிகாவில் இருப்பது நிலத்தின்மேல் சராசரியாக ஏறக்குறைய 2 கி.மீ. தடிமனில் படிந்த பனி என்பதையும் அப்போது சொன்னால் மறக்க மாட்டார்கள். கரடி வடக்கே கடற்பனியில் சீல் பிடிப்பது, பென்குயின் தெற்கே வாழ்வது ஆகியவற்றையும் அங்கேயே இணைத்துவிடலாம்.

மறுமொழி 2:
மேற்கண்ட சோதனையில் ஒரு சிறு திருத்தம்: உப்புநீரில் நன்னீர்க் கட்டியை மிதக்கவிட்டால் மட்டம் மிகச் சிறிதளவு உயரும், ஆகவே குடிநீரையே பயன்படுத்துங்கள்.

குளிரைத் தடுக்கும் சீலின் கொழுப்படுக்கையை விளக்க, ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வனஸ்பதியைத் தடிமனாகப் பூசி, அதனுள் மற்றொரு பையைச் செருகி, கையை உள்ளே விட்டு ஐஸ் தண்ணீரில் அமிழ்த்தச் சொல்லுங்கள். மறு கையை வெறும் பைகளோடு அமிழ்த்தட்டும். வகுப்பில் சத்தம் எழும், பரவாயில்லை.

எந்த இடத்து வானையும் திரையில் காட்டும் இலவச மென்பொருளான ஸ்டெல்லேரியத்தை முன்பே பதிவிறக்கிக்கொண்டால் இணையமின்றியும் இயங்கும். அதில் டிசம்பர் 21 என்று தேதியை வைத்து, அண்டார்க்டிகாவில் 1989 முதல் இயங்கும் மைத்ரி நிலையத்தின் இடத்தைத் தேர்ந்து நேரத்தை ஓட்டினால், சூரியன் மறையாமல் வானைச் சுற்றிவரும். தேதியை மாற்றாமல், 2008-இல் தொடங்கிய ஹிமாத்ரி நிலையம் உள்ள, வடதுருவப் பகுதித் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டுக்கு மாறினால் சூரியன் உதிக்கவே உதிக்காது. இரண்டும் இந்திய ஆய்வு நிலையங்கள் என்பதால், அங்கே நம்மவர்கள் எப்படித் தூங்குவார்கள் என்ற கேள்வி தானாகவே வரும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. எங்கள் பள்ளியில் குளிர்பதனப் பெட்டி இல்லை. ஐஸை எப்படிக் காப்பது?

மறுமொழி 1:
மீன் விற்பவர்களிடம் ஐஸ் வாங்கித் தெர்மாகோல் பெட்டியில் வைத்தால் காலைப் பாடவேளை வரை தாங்கும். கட்டிகளைச் சிறியனவாக உடைத்துக்கொள்ளுங்கள். நம் வெயிலுக்குப் பாடவேளை முடிவதற்குள் அவை உருகிவிடும்.