கடுமையான ஆஸ்துமாவில் இனக்குழுவுக்கு இனக்குழு ஒவ்வாமை முடிவுகள் மாறுவது ஏன்?

கேள்வி — பதிவேட்டாளர்:
கடுமையான ஆஸ்துமா நோயாளிகளின் பதிவேட்டை அலசுகிறோம். தெற்காசிய வம்சாவளியினருக்கு ரத்தத்தில் மொத்த ஐஜிஇ (ஒவ்வாமையை உண்டாக்கும் எதிர்ப்புரதம்) அதிகம். தூசி உண்ணிக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சைக்கும் பாசிட்டிவ் வருவதும் கூடுதல். சிலருக்குத் தோல் குத்துப் பரிசோதனை, சிலருக்கு ரத்தப் பரிசோதனை நடந்திருக்கிறது. இதை மரபணு வேறுபாடு என்று எழுதலாமா? மருந்துத் தேர்வை இது பாதிக்குமா?

பதில் — தோல்சோதனை:
முதலில் அளவீட்டைச் சரிபாருங்கள். இரண்டு முறைகளின் முடிவுகளையும் பதிவேட்டு அட்டவணையின் ஒரே பத்தியில் கலக்காதீர்கள். தோல் பரிசோதனையை 15–20 நிமிடத்தில் படிக்க வேண்டும். ஒப்பீட்டுக்காக வெறும் உப்புநீர் குத்திய புள்ளியைவிடத் தடிப்பின் விட்டம் குறைந்தது 3 மி.மீ. பெரிதாக இருந்தால்தான் பாசிட்டிவ். கருமையான தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. சிவப்பைப் பார்த்தே படிக்கப் பழகியவர் அங்கே பாசிட்டிவைத் தவறவிடுவார். பக்கவாட்டில் வெளிச்சம் விழச் செய்து, விரலால் தடவி விளிம்பைக் கண்டுபிடித்துப் பேனாவால் வரைந்து அளக்க வேண்டும். எல்லோருக்கும் தடிக்க வேண்டிய ஹிஸ்டமின் புள்ளியே தடிக்கவில்லை என்றால் அந்தப் பரிசோதனை செல்லாது. அவர் சாப்பிடும் ஆன்டிஹிஸ்டமினோ (ஒவ்வாமை மாத்திரை) அமிட்ரிப்டிலினோ (மனச்சோர்வு மருந்து) காரணமாக இருக்கலாம்.

பரிசோதித்த பட்டியலும் முக்கியம். வெப்பமண்டலத்தில் வளர்ந்தவருக்கு புளோமியா டிராபிகாலிஸ் உண்ணியைச் சேர்க்காமல் விட்டால் அவருடைய ஒவ்வாமையில் ஒரு பகுதி கணக்கிலேயே வராது.

பதில் — புள்ளிவிவரம்:
இந்தத் தரவை வைத்து மரபணு என்று எழுத முடியாது. இனக்குழு என்ற பத்திக்குள் பிறந்த இடம், குடிபெயர்ந்த வயது, வீட்டு ஈரம், நெரிசல், வருமானம் எல்லாம் ஒளிந்திருக்கின்றன. அமெரிக்காவின் நகர்மையப் பகுதிக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 1997இல் வெளியானது. கரப்பான் ஒவ்வாமையும் வீட்டில் கரப்பான் துகள் மிகுதியும் சேர்ந்திருந்தவர்களே அதிகம் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அங்கே ஒவ்வாமையை நோயாக முற்றவைத்ததில் வீட்டுக்குப் பெரும் பங்கு.

வயதையும் பாலினத்தையும் சரிசெய்யுங்கள். வீட்டு ஈரத்தை மட்டும் யோசித்துச் சேருங்கள்: அது இனக்குழுவுக்கும் பூஞ்சை ஒவ்வாமைக்கும் நடுவில் நிற்கும் காரணி. அதைச் சரிசெய்தால் வேறுபாடு சுருங்கும். ஆனால் அப்போது நீங்கள் பதில் சொல்லும் கேள்வியே வேறு: ஈரத்தின் வழியாக வராத வேறுபாடு எவ்வளவு என்பது.

பதிவேட்டாளர்:
மொத்த ஐஜிஇ உயர்வுக்குக் குடற்புழு காரணமாக இருக்குமா?

பதில் — நுரையீரல்பிரிவு:
இருக்கலாம், அது இரண்டு விதமாகக் குழப்பும். புழு மொத்த ஐஜிஇயை ஏற்றும். அஸ்காரிஸ் என்ற உருண்டைப்புழு, உண்ணி, கரப்பான், இறால் எல்லாவற்றிலும் டிரோபோமயோசின் புரதம் ஏறக்குறைய ஒன்றுபோல் இருப்பதால் உண்ணிக்குப் பொய் பாசிட்டிவும் வரலாம். உண்ணியின் தனிப் புரதங்களான டெர் பி 1, டெர் பி 2 பாசிட்டிவ் என்றால் உண்மையான உண்ணி ஒவ்வாமை. உண்ணியின் டிரோபோமயோசினான டெர் பி 10 மட்டும் பாசிட்டிவ் என்றால் சந்தேகப்படுங்கள்.

மருந்துத் தேர்வை இது நேரடியாகப் பாதிக்கும். ஐஜிஇயைப் பிடித்து முடக்கும் ஊசிமருந்தான ஒமாலிசுமாப்பின் அளவை எடையும் மொத்த ஐஜிஇயும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஐரோப்பிய அட்டவணை 1500 ஐயு/மி.லி.யோடு முடிகிறது. அதைத் தாண்டியவருக்கு இந்த வழி அடைபட்டுவிடும். மருந்து தொடங்கிய பின் மொத்த ஐஜிஇ ஏறும், ஆகவே முன்னதாக எடுத்த அளவை மட்டுமே பதிவேட்டில் வையுங்கள்.

ஆஸ்பர்ஜில்லஸ் ஐஜிஇ 0.35 கேயுஏ/லி.க்கு மேல், மொத்த ஐஜிஇ 500 ஐயு/மி.லி.க்கு மேல் என்றால் ஏபிபிஏ (ஆஸ்பர்ஜில்லஸ் ஒவ்வாமையால் வரும் நுரையீரல் நோய்) இருக்கிறதா என்று ஆஸ்பர்ஜில்லஸ் ஐஜிஜி (வேறு வகை எதிர்ப்புரதம்), ஈசினோபில் (ஒருவகை வெள்ளணு), சிடி ஸ்கேன் மூன்றையும் பார்த்துவிடுங்கள். வெப்பமண்டலத்தில் வாழ்ந்தவருக்கு ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற குடற்புழுவுக்கான ரத்தப் பரிசோதனையும் அவசியம். அந்தப் புழு உள்ளிருக்க ஸ்டீராய்டு மாத்திரையை நீட்டினால் உயிருக்கே ஆபத்து.