அவசரம்: சேணம் போட்டாலே கடிக்க வருகிறாள்

குளம்படி:
வணக்கம். என் குதிரைக்குச் சேணம் சேரவில்லை. வார் இறுக்கப் போனாலே காதை மடக்கிக்கொண்டு கடிக்க வருகிறாள். நேற்று அரைமணி நேரம் ஓட்டிவிட்டுச் சேணத்தை இறக்கினால் முதுகெல்லாம் வேர்வை, விதர்ஸுக்கு (கழுத்து முதுகோடு சேரும் மேடு) இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் காய்ந்து கிடந்தது. அங்கே கட்டைவிரலை வைத்தால் தோல் துடிக்கிறது. எந்த சைஸ் வாங்கலாம்? ஞாயிற்றுக்கிழமை ஒரு சவாரி இருக்கிறது.

லாயத்துப்பிள்ளை:
என்ன இனம், என்ன வயது? சேணம் எந்த வகை? அடியில் என்ன விரிக்கிறீர்கள்? பக்கவாட்டில் நிறுத்தி, சேணத்தோடு ஒரு படம், இல்லாமல் ஒரு படம் போடுங்கள்.

கொங்குக்குதிரை:
மார்வாரி இனமாகத்தான் இருக்கும். விதர்ஸ் உயரம், சேணம் மேலே இடிக்கும். தடிமனான பேட் ஒன்று போடுங்கள். என் குதிரைக்கு அப்படித்தான் சரியானது.

நெடுஞ்சவாரி:
பேட் வேண்டவே வேண்டாம். மேலே இடித்தால் புண் மேட்டின் உச்சியில் வரும். இவர் சொல்வது இரண்டு பக்கமும். சேணத்துக்கு உள்ளே இருக்கும் சட்டத்தின் முன்பகுதி குறுகலாக இருந்து நெரிக்கிறது. அழுத்தம் அதிகமான இடத்தில் வேர்வை வராது, அதனால்தான் காய்ந்து கிடக்கிறது. குறுகின சட்டத்துக்கு அடியில் தடிமன் சேர்த்தால் இன்னும் நெரிக்கும்.

மூத்தசவாரி:
"எந்த சைஸ்" என்ற கேள்வியே தப்பு. 17 அங்குலம், 17.5 என்பதெல்லாம் உட்காருகிறவரின் அளவு. குதிரைக்கு வேண்டியது சட்டத்தின் அகலமும் கோணமும். இதை இங்கே எத்தனையோ தடவை எழுதிவிட்டேன். படித்துவிட்டுக் குதிரை வாங்கியிருக்கலாம்.

லாயத்துப்பிள்ளை:
விஷயம் சரி, இந்தத் தொனி வேண்டாம் ஐயா. வேர்வை காய்ந்த இடத்தைப் பார்த்து, விரல் வைத்துச் சோதித்துவிட்டு வந்திருக்கிறார். பலர் அதுகூடச் செய்வதில்லை.

குளம்படி:
மன்னிக்கவும். மார்வாரி கலப்பு, 6 வயது. ஆங்கில வகைத் தோல் சேணம், அவளோடு சேர்த்தே வாங்கியது. ஆடியில் அந்தியூர் சந்தையில் வாங்கினேன். அப்போது நன்றாகத்தான் பொருந்தியது. விலா எண்ணுகிற மாதிரி இருந்தாள். கொள்ளும் தவிடும் போட்டு இப்போது நன்றாகத் தேறிவிட்டாள்.

நெடுஞ்சவாரி:
அதுதான் காரணம்! குதிரை தேறியது, சட்டம் அப்படியே இருக்கிறது. சமதரையில் நிறுத்துங்கள். தோள்பட்டை எலும்பின் பின்விளிம்பைத் தடவிக் கண்டுபிடித்து, அதற்கு இரண்டு விரல் பின்னால் தடித்த அலுமினியக் கம்பியை முதுகின் குறுக்கே பதித்து அழுத்துங்கள். வளைவு கெடாமல் எடுத்து அட்டையில் வரைந்து வெட்டுங்கள். சேணத்தைக் கவிழ்த்து முன்வளைவில் அந்த அட்டையை வையுங்கள். உள்ளே இறங்காமல் நின்றால் குறுகல்தான். அப்புறம் நீளம். கடைசி விலாவை, அதாவது 18-ஆவதை, விரலால் தொட்டு மேலே முதுகுவரை போங்கள். சேணத்தின் பாரம் அதைத் தாண்டி விழக்கூடாது.

ஆடிச்சந்தை:
அந்தியூரிலா வாங்கினீர்கள்? சுழி பார்த்தீர்களா? சேணம் விழும் இடத்தில் சுழி இருந்தால் சவாரிக்கு ஆகாது என்பார் எங்கள் தாத்தா.

மூத்தசவாரி:
சுழி என்பது முடி வளரும் திசை. அதற்கும் வலிக்கும் சம்பந்தமில்லை.

ஆடிச்சந்தை:
உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம். சந்தையில் இன்றைக்கும் சுழி பார்த்துத்தான் விலை பேசுகிறார்கள்.

கொங்குக்குதிரை:
விலைக்கு வேண்டுமானால் சரி. ஆனால் சுழியைக் காரணம் காட்டி நல்ல குதிரையைத் தள்ளிவிட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். பாவம் அந்த ஜீவன்.

நெடுஞ்சவாரி:
சுழிக்குத் தனி இழை தொடங்குங்கள், தயவுசெய்து. இங்கே ஒரு குதிரைக்கு வலிக்கிறது. இப்படியே ஓட்டினால் அந்த இடத்தில் வெள்ளை முடி முளைக்கும்.

குளம்படி:
அட்டை இறங்கவில்லை, இரண்டு விரல் மேலேயே நிற்கிறது. ஞாயிறு சவாரியை விட்டுவிட்டேன். நாளை கால்நடை மருத்துவர் வருகிறார். நன்றி.

லாயத்துப்பிள்ளை:
நல்லது. வலி போகிறவரை கயிற்றில் பிடித்து நடத்துங்கள். அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், சேணம் செய்கிற கான்பூரிலிருந்து வாங்கினாலும் அதை முதலில் அனுப்பிவிட்டுத்தான் பேசவேண்டும். புதுச் சேணத்தின் கம்பளி அடைப்பு சில மாதங்களில் அமுங்கும், அப்போது மறுபடி கம்பி வைத்துப் பாருங்கள். படம் இன்னும் வரவில்லையே?